ஒரே இடம், மூணு ஆழம்: தோள் தழும்பின் கதை

இந்த எபிசோடை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆடிப்பூரத்தன்னைக்குக் காலையில அங்க நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். ஆண்டாளும் ரெங்கமன்னாரும் தேர் ஏறியாச்சு. வடம் பிடிக்க ஜனம் முண்டியடிக்குது. ராஜபாளையத்துல இருந்து பஸ் பிடிச்சு வந்தவங்க, சுத்துப்பட்டு கிராமத்து ஆட்கள், வெளியூர்ல இருந்து லீவு போட்டு வந்த பிள்ளைங்க. ஆம்பளைகள்ல பல பேர் சட்டையைக் கழற்றி இடுப்புல கட்டியிருப்பாங்க. போட்டிருந்தாலும் முண்டா பனியன்தான். எல்லார் கண்ணும் தேர் மேல இருக்கும். நான் போன தடவை கொஞ்ச நேரம் வடம் பிடிச்ச கைகளை மட்டும் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அந்தக் கைகள்ல வயசு எழுதியிருக்கு. ஐம்பதைத் தாண்டினவங்க மேல்கையில நாலணாக் காசு அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு இருக்கும். சில பேருக்கு ரெண்டு, மூணுகூட இருக்கும். தோல் கொஞ்சம் குழிஞ்சு, சின்னச் சின்னப் புள்ளி புள்ளியா இருக்கும். அது பெரியம்மைக்குக் குத்தினது. அதுக்கு அடுத்த தலைமுறைக்கு அந்தக் காசு கிடையாது. இடது கையில மிளகு அளவுக்கோ பட்டாணி அளவுக்கோ ஒரே ஒரு தழும்பு இருக்கும். அது காசநோய்க்கான பிசிஜி. ஆனா 2021ல அதே தோளைக் காட்டி நாம எல்லாரும் போட்டுக்கிட்ட கொரோனா ஊசிக்கு யார் கையிலயும் அடையாளமே இல்லை.

மூணு நோய்க்கும் குறி வச்சது ஒரே இடம்தான். ஏன் அந்த இடம்? எல்லா ஊசியும் ஏன் அங்கயே வருது? இன்னைக்கு அந்தக் கதையைத்தான் பேசப் போறோம்.

இதை நான் தேட ஆரம்பிச்சதுக்குக் காரணம் எங்க சித்தப்பா. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி. பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம் கேட்கும். சித்தப்பாவும் தறி ஓட்டினவர்தான். ஒரு நாள் உடம்பு வலி, காய்ச்சல்னு பக்கத்துல ஊசி போடுற ஒருத்தர்கிட்ட போனார். கையில ஒரு ஊசி. போட்ட அந்த நிமிஷமே கரண்ட் அடிச்ச மாதிரி கட்டைவிரல் வரைக்கும் சுரீர்னு இழுத்திருக்கு. சாயங்காலம் பார்த்தா வலது மணிக்கட்டு தொங்கிப் போச்சு. கையை நீட்டினா உள்ளங்கை கீழ விழுது, விரலை விரிக்க முடியலை. தறியில இழை அறுந்தா முடிச்சுப் போடணும். அந்த முடிச்சு அவருக்கு வரலை.

வேற எந்த நோயும் இல்லை. ஊசி போட வேண்டிய இடத்துக்கு மூணு, நாலு விரக்கடை தள்ளிப் போட்டதுதான் விஷயம். அந்த மூணு விரக்கடைக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல பார்ப்போம்.

முண்டாவுக்குள்ள என்ன இருக்கு?

உங்க வலது கையை இடது தோள் மேல வையுங்க. தோளோட உச்சியில, வெளி ஓரத்துல, ஒரு எலும்பு முனை தட்டுப்படும். தோள்பட்டை எலும்போட நீட்சி அது. டாக்டர்கள் அக்ரோமியன்னு சொல்வாங்க. நாம தோள்முனைன்னு வச்சுக்கலாம். முன்பக்கம் காறை எலும்பு வந்து அதுல சேருது. பின்பக்கம் தோள்பட்டை எலும்போட மேடு வந்து சேருது. இந்த வளைவு முழுக்க ஒரு தசை புறப்பட்டு, தோளை மூடி, கீழ வரவரக் குறுகி, மேல்கை எலும்போட பாதி வழியில வெளிப்பக்கம் போய் ஒட்டிக்குது. மேல அகலம், கீழ கூர், அதாவது தலைகீழ் முக்கோணம். கிரேக்க எழுத்து டெல்டா மாதிரி இருக்கிறதால டெல்டாய்டுன்னு பேர் வந்தது. நம்ம ஊர்ல முண்டான்னு சொன்னா முடிஞ்சது. கையைப் பக்கவாட்டுல தூக்குறது இந்தத் தசையோட முக்கிய வேலை.

இந்த முக்கோணத்தைச் சுத்தி மூணு விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க. கதை முழுக்க வரும்.

ஒண்ணு, தோள்முனைக்குக் கீழ, தசைக்கு அடியில, மெல்லிசா ஒரு திரவப் பை இருக்கு. எலும்பும் தசைநாணும் உரசாம வழுக்கிப் போறதுக்கு இது உதவுது. பர்சான்னு பேர்.

ரெண்டு, தோள்முனையில இருந்து 5, 7 சென்டிமீட்டர் கீழ, தசைக்கு உள்பக்கமா ஒரு நரம்பு எலும்பைச் சுத்தி வருது. ஆக்ஸிலரி நரம்பு. முண்டாவுக்கு உயிர் குடுக்கிறது அதுதான். தோள் மூட்டு நழுவினவங்களுக்கு டாக்டர் முண்டா மேல தொட்டு, "தெரியுதா?"ன்னு கேட்பார். இந்த நரம்புக்கு அடி பட்டிருக்கான்னு பார்க்கத்தான் அந்தக் கேள்வி.

மூணு, ரேடியல் நரம்பு. அக்குள்ல இருந்து கிளம்பி, மேல்கை எலும்புக்குப் பின்னால, எலும்பை ஒட்டியே சாய்வா இறங்கி, முண்டாவோட கூர் முடியுற இடத்தைத் தாண்டி வெளிப்பக்கம் வருது. மணிக்கட்டைத் தூக்குறதும் விரலை விரிக்கிறதும் இது குடுக்கிற உத்தரவு. எலும்புக்கும் நரம்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி எதுவும் கிடையாது. அதனாலதான் மேல்கை எலும்பு நடுவுல முறிஞ்சா மணிக்கட்டு தொங்கிப் போகுது. நாற்காலியோட கை மேல புஜத்தைப் போட்டு விடிய விடியத் தூங்கினவங்களுக்கும் காலையில மணிக்கட்டு எழும்பாம போறதுண்டு.

ஆக, முக்கோணத்தோட நடுப்பகுதி பாதுகாப்பான இடம். மேல போனா பை, பின்னால கீழ போனா நரம்பு. ஆனா முதன்முதலா இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஏன்னா அவங்க தோலைத் தாண்டி உள்ளயே போகலை.

முதல் ஆழம்: மேல்தோல்

எட்வர்ட் ஜென்னருக்கு முன்னாடியே இந்தியாவுல அம்மை குத்துற வழக்கம் இருந்தது. பெரியம்மைப் புண்ணோட சீழை எடுத்து, நோய் வராத ஒருத்தர் தோல்ல சின்னதா கீறி வைப்பாங்க. லேசா ஒரு அம்மை போட்டு அடங்கும். சில பேருக்கு அடங்காது, அதுதான் ஆபத்து. வங்காளத்துல நடந்த இந்த முறையைப் பத்தி ஹால்வெல்ங்கிற ஆங்கிலேயர் 1767ல எழுதினார். அதுல ஒரு குறிப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சது. குத்துறவங்க விருப்பத்துக்கு விட்டா, ஆம்பளைகளுக்கு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவுல வெளிப்பக்கம் குத்துவாங்களாம். பொம்பளைகளுக்கு முழங்கைக்கும் தோளுக்கும் நடுவுல. ஏன் இந்த வித்தியாசம்? எனக்குத் தோணுறதைச் சொல்றேன். தழும்பு விழுந்தா மறைக்கணும்ங்கிற யோசனை அப்பவே இருந்திருக்கலாம்.

1796 மே 14ல ஜென்னர், ஜேம்ஸ் ஃபிப்ஸ்ங்கிற எட்டு வயசுப் பையன் கையில ரெண்டு சின்னக் கீறல் போட்டு, மாட்டம்மைப் பாலை வச்சார். பெரியம்மைக்குப் பதிலா அதோட சாதுவான சொந்தக்காரன். ஆறே வருஷத்துல அது இந்தியாவுக்கு வந்துடுச்சு. 1802 ஜூன் 14ல பம்பாயில அன்னா டஸ்ட்ஹால்ங்கிற மூணு வயசுக் குழந்தைக்கு முதல் தடுப்பூசி. அதே வருஷம் சென்னைக்கும் வந்தது.

எப்படி வந்தது? ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். ஒரு குழந்தை கையில குத்தி, எட்டாம் நாள் கொப்புளம் எழும்பினதும் அதுல இருந்து பால் எடுத்து அடுத்த குழந்தை கையில வைப்பாங்க. கைக்குக் கை, ஊருக்கு ஊர். அப்ப மேல்கை ஊசி போடுற இடம் மட்டும் இல்லை. மருந்தைச் சுமந்துக்கிட்டுப் போற பாத்திரமும் அதுதான்.

மைசூர் அரண்மனையில இருந்து ஒரு ஓவியம் இருக்கு. தாமஸ் ஹிக்கி 1805 வாக்குல வரைஞ்சது. மூணு அரண்மனைப் பெண்கள். அதுல இளையவர், சேலை வழக்கமா மூடியிருக்க வேண்டிய இடது மேல்கையைத் திறந்து, வலது கையால அந்த இடத்தைச் சுட்டிக் காட்டுற மாதிரி நிற்கிறார். ரொம்ப நாளா இது என்னன்னு யாருக்கும் புரியலை. தடுப்பூசி போட்டுக்கிட்ட இடத்தை ராணி ஊருக்குக் காட்டுறாங்க, ஜனங்க பயம் போகணும்னு வரைஞ்ச படம் இதுன்னு வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலர் விளக்கம் சொன்னார். அதை ஏத்துக்கிட்டா, தடுப்பூசிக்கு நம்ம பக்கத்துல நடந்த முதல் விளம்பரங்கள்ல ஒண்ணு இது.

மேல்கை ஏன் வசதி? துணியை முழுசா அவிழ்க்க வேண்டாம். காட்டவும் முடியும், மூடவும் முடியும். கொப்புளம் எழும்பினா குழந்தை வாய்க்கு எட்டாது. வெளிப்பக்கம் பெரிய ரத்தக்குழாய் எதுவும் மேலோட்டமா ஓடலை. கீறுறது மேல்தோல் ஆழத்துக்குத்தான்ங்கிறதால நரம்பைப் பத்திக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

ஆனா ஜனங்க கவலை வேற. நம்ம பக்கம் அம்மைன்னா அது நோய் மட்டும் இல்லை, ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கா. வாசல்ல வேப்பிலை செருகி, தாளிக்கிறதை நிறுத்தி, தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அவ நம்ம விருந்தாளி. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில்ல பங்குனியில பூக்குழி இறங்குற கூட்டத்தைப் பார்த்தா அந்த உறவு எவ்வளவு ஆழம்னு இன்னைக்கும் புரியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு சர்க்கார் ஆள் கத்தியோட வந்து குழந்தை கையைக் கீறி, எட்டு நாள் கழிச்சு மறுபடியும் வந்து, கொப்புளத்தைக் குத்திப் பாலை எடுத்து வேற சாதிக் குழந்தைக்கு வைக்கிறேன்னா? அம்மை குத்துறவர் வர்றார்னு தெரிஞ்சதும் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால ஒளிச்சு வச்ச கதையை எங்க பாட்டி சொல்லியிருக்காங்க. கைக்குக் கை மாத்துறதுல வேற நோய்கள் தொத்துற ஆபத்தும் நிஜமாவே இருந்தது. ஜனங்க பயத்தை வெறும் மூடநம்பிக்கைன்னு தள்ளிட முடியாது.

அப்புறம் கன்றுக்குட்டித் தோல்ல பாலை வளர்க்கிற முறை வந்தது. அதைத் தயாரிக்கத்தான் 1899ல சென்னை கிண்டியில கிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சாங்க. மாகாணத்தோட சுகாதார அதிகாரியா இருந்த கிங்ங்கிறவர் பேர்தான் அது. ராஜாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

குத்துற கருவி மட்டும் ரொம்ப நாள் மாறலை. திருகுற மாதிரி ஒரு பல் சக்கரம். தோல்ல வச்சு அழுத்தித் திருகுவாங்க. ஒரே கையில ஒண்ணுக்கு மேல இடத்துல. தேரடியில பெரியவங்க கையில பார்த்தேனே, அந்தக் காசுத் தழும்புகள்ல பலதும் இது போட்ட அச்சு. 1960கள்ல அமெரிக்கரான பெஞ்சமின் ரூபின் ரெண்டு முனை ஊசியைக் கொண்டு வந்தார். தையல் ஊசியோட காதைப் பாதியா வெட்டின மாதிரி இருக்கும். அந்த ரெண்டு முனைக்கு நடுவுல ஒரு துளி மருந்து நிற்கும். அதை வச்சு 15 தடவை கொத்தினா போதும். யாருக்கு வேணும்னாலும் சில நிமிஷத்துல கத்துக் குடுத்துடலாம்.

அந்தத் தழும்புதான் சான்றிதழ். காகிதம் வேண்டாம், கையைத் திறந்து காட்டினா போதும். ஒழிப்பு இயக்கத்துல ஊர் ஊராப் போய்த் தழும்பை எண்ணித்தான் எத்தனை பேருக்குப் போட்டாச்சுன்னு கணக்கெடுத்தாங்க. இந்தியாவோட கடைசி நோயாளி 1975 மே மாசம். 1980 மே 8ல உலகத்துலயே பெரியம்மை இல்லைன்னு அறிவிச்சாங்க. அதோட அந்தக் காசு அச்சடிக்கிறதும் நின்னுது.

ரெண்டாவது ஆழம்: தோலுக்குள்ள

அடுத்த தழும்புக்கு வருவோம். பிரெஞ்சுக்காரங்க கால்மெட், கெரான் ரெண்டு பேரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்க வச்சாங்க. 1921ல முதல் தடவையா ஒரு குழந்தைக்குக் குடுத்தப்ப, ஊசியே இல்லை. வாய் வழியாத்தான் குடுத்தாங்க. தோலுக்குள்ள ஏத்துற முறை அப்புறம்தான் வந்தது.

இங்க ஆழம் ஒரு மில்லிமீட்டர் கணக்கு. தோலுக்கு அடியில போகக் கூடாது, தோலுக்குள்ளயே நிக்கணும். சரியாப் போட்டா ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்னதா வெளுத்த கொப்புளம் எழும்பும். பிறந்த குழந்தைக்கு 0.05 மில்லி. சில வாரத்துல சிவந்து, புண்ணாகி, தானா ஆறித் தழும்பாகும். ஆழமாப் போயிட்டா பிரச்சனை. புண் பெருசாகலாம், அக்குள்ல நெறி கட்டலாம்.

நெறி ஏன் அக்குள்ல? மேல்கைத் தோல்ல இருந்து நிணநீர் வடியுற பாதை அந்தப் பக்கத்து அக்குளுக்குத்தான் போகுது. அதனால கைக்குழந்தைக்கு இடது அக்குள்ல கட்டி இருந்தா, டாக்டர் முதல்ல இடது தோளைப் பார்ப்பார். ஊசி எப்பவும் இடது கையில இருந்தாத்தான் இது சாத்தியம். இந்திய அரசோட தடுப்பூசித் திட்டம் இடது மேல்கைன்னு வகுத்ததுக்குச் சொல்ற காரணமும் எளிமையானது: எல்லாருக்கும் ஒரே இடமா இருந்தா, கணக்கெடுக்க வர்றவங்க எங்க பார்க்கணும்னு தெரியும். உடற்கூறு ஒரு பக்கம், கணக்குப்பிள்ளை வேலை ஒரு பக்கம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில பேருக்குத் தழும்பு அடங்காம மேடு தட்டி வளரும், கீலாய்டுன்னு சொல்வாங்க. தோள் உச்சியில போட்டா அது வர்ற வாய்ப்பு அதிகம். முண்டாவோட கூர் ஒட்டுற இடத்துல போட்டா குறைவு. அதனாலதான் பிசிஜி தழும்பு பல பேருக்குக் கொஞ்சம் கீழ தள்ளி இருக்கு.

நம்ம மாகாணத்துக்கு இது எப்ப வந்தது? 1948ல கிண்டியில பிசிஜி ஆய்வகம் ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் மதனப்பள்ளியில போட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அது ஆந்திரா, அன்னைக்குச் சென்னை மாகாணம். ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 ஏப்ரல்ல இருந்து 1952 ஏப்ரல் வரைக்கும் சென்னையில முதலமைச்சர். நாடு தழுவின பிசிஜி இயக்கம் 1951ல தொடங்கினப்ப இங்க ஆட்சி அவரோடது. அப்பல்லாம் முதல்ல முன்கையில ஒரு சோதனை ஊசி. மூணு நாள் கழிச்சு வந்து வீக்கத்தை அளந்து பார்த்து, இல்லைன்னாத்தான் மேல்கையில பிசிஜி.

அவருக்கு அடுத்து முதல்வரான ராஜாஜி, பதவியை விட்ட பிறகு 1955ல இதை எதிர்த்து வெளிப்படையா எழுதினார், பேசினார். நல்லா இருக்கிற குழந்தைங்க உடம்புல உயிருள்ள கிருமியை ஏத்தலாமா, பலன் இருக்குன்னு உறுதியா நிரூபிச்சாச்சா, பெற்றவங்களுக்கு விளக்கிச் சொன்னீங்களான்னு கேட்டார். மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌர் திட்டத்துல உறுதியா இருந்தாங்க. இயக்கம் நிக்கலை.

பலன் இருக்கான்னு பார்க்க 1968ல செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு பிரம்மாண்டமான ஆய்வு ஆரம்பிச்சது. இரண்டரை லட்சத்துக்கும் மேல ஜனங்க அதுல சேர்ந்தாங்க. முடிவு 1979ல வந்தது. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கலை. உலகமே அதிர்ந்து போச்சு. ராஜாஜி அப்ப உயிரோட இல்லை.

அப்ப ஏன் இன்னைக்கும் பிறந்த குழந்தைக்குப் போடுறாங்க? பச்சைக் குழந்தைக்கு மூளைச் சவ்வுல வர்ற காசநோய், ரத்தத்துல பரவி உடம்பு முழுக்கத் தாக்குற காசநோய், இந்த ரெண்டுல இருந்தும் அது நல்ல பாதுகாப்புக் குடுக்குது. ராஜாஜி பயந்த பெரிய கேடும் வரலை, அதிகாரிங்க நம்பின முழுப் பலனும் வரலை. ஆனா "நிரூபிச்சாச்சா?"ன்னு அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொன்னது செங்கல்பட்டு ஜனங்க குடுத்த கைதான்.

மூணாவது ஆழம்: தசை

1853ல எடின்பரோவுல அலெக்சாண்டர் வுட்ங்கிற டாக்டர், கழுத்து, தோள் பக்கம் நரம்பு வலியால தூக்கம் இல்லாம இருந்த ஒரு வயசான அம்மாவுக்கு, வலி இருந்த இடத்துலயே உள்ளீடற்ற ஊசியால மார்ஃபின் ஏத்தினார். ஊசி மருந்துச் சரித்திரத்தோட ஆரம்பமும் தோளுக்குப் பக்கத்துலதான் நடந்திருக்கு பாருங்க.

அதுக்கப்புறம் ஊசி தோலைத் தாண்டித் தசைக்குள்ள போச்சு. தசையில ரத்த ஓட்டம் அதிகம், மருந்து சீக்கிரம் கலக்கும். பெனிசிலின் காலத்துக்குப் பிறகு ஊசிதான் வைத்தியம்னு ஆயிடுச்சு. "டாக்டர் ஊசி போடலையா?"ன்னு கேட்காத நோயாளி நம்ம ஊர்ல குறைவு. மாத்திரையில அடங்குற காய்ச்சலுக்கும் ஊசி கேட்டு வாங்கினோம். கேட்டதால, போடத் தெரிஞ்சவங்களும் போட்டாங்க, தெரியாதவங்களும் போட்டாங்க.

இங்கதான் பழைய வசதி புது ஆபத்தா மாறுது. கீறின காலத்துல மேல்கையில எங்க கீறினாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. இப்ப ஊசி ஒரு அங்குலம் உள்ள போகுது. முண்டாவைத் தாண்டிப் பின்னால, கீழ குத்தினா, அங்க எலும்பை ஒட்டி ரேடியல் நரம்பு கிடக்கு. எங்க சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான். நரம்பை ஊசி தொட்டாலே சேதம். மருந்தும் உள்ள இறங்கினா இன்னும் மோசம்.

அவருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. நரம்பு முழுசாச் சாகலை. மணிக்கட்டைத் தூக்கி வைக்க ஒரு பட்டை, விரல் விறைக்காம இருக்கத் தினமும் பயிற்சி. அடிபட்ட நரம்பு ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மேல்கை நடுவுல இருந்து முன்கைத் தசை வரைக்கும் அது நடந்து வரணும். கணக்குப் போட்டுப் பாருங்க, மாசக்கணக்குல ஆகும். அஞ்சாம் மாசம் மணிக்கட்டு லேசா எழும்பிச்சு. விரல் விரிய இன்னும் சில மாசம். மறுபடி தறிக்குப் போனார். ஆனா அந்த இடைப்பட்ட காலம் முழுக்கக் கூலி கிடையாது. ஊர் ஊரா ஆஸ்பத்திரிக்குப் போற துணியை நெஞ்ச கை, கட்டுப் போட்டுத் திண்ணையில கிடந்தது.

மேல போனாலும் பிரச்சனை உண்டு. தோள்முனைக்கு ரொம்பப் பக்கத்துல குத்தினா, நான் முதல்ல சொன்ன அந்தப் பைக்குள்ள மருந்து போகலாம். ஊசி வலி ரெண்டு மூணு நாள்ல போகும். இது வாரக்கணக்குல, மாசக்கணக்குல தோளைத் தூக்க விடாது. 2010ல அமெரிக்க மருத்துவர்கள் இதுக்குத் தனியா ஒரு பேர் வச்சாங்க, சிர்வா. அபூர்வம்தான். தடுப்பூசி வேண்டாம்னு சொல்ல இது காரணமே இல்லை. பல நேரம் இதுல மருந்து குற்றவாளி இல்லை, உயரம்தான் குற்றவாளி.

2021 ஜனவரி 16ல இந்தியாவுல கொரோனா தடுப்பூசி ஆரம்பிச்சப்ப, டிவியில தலைவர்கள் ஊசி போட்டுக்கிட்ட காட்சிகளை ஞாபகப்படுத்திப் பாருங்க. மைசூர் ராணி நின்ன அதே கோலம். மேல்கையைத் திறந்து, ஊருக்குக் காட்டி. 200 வருஷத்துல காரணம் மாறலை, ஆழம்தான் மாறிச்சு. தசைக்குள்ள போன ஊசி தழும்பு விடாது. அதனால சான்றிதழ் தோள்ல இருந்து செல்போனுக்குப் போயிடுச்சு.

கடைசியா

இதைக் கேட்டுட்டு நீங்க செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம்.

அடுத்த தடவை கையில ஊசி போடும்போது, சட்டைக் காலரை இழுத்துத் தோள் உச்சியை மட்டும் காட்டாதீங்க. அப்பத்தான் ஊசி ரொம்ப மேல போகுது. சட்டையைக் கழற்றுங்க, இல்லை கையை முழுசா மேல சுருட்டுங்க. முண்டா முழுக்கத் தெரியணும். உட்கார்ந்து கையைத் தளர்வாத் தொங்கவிடுங்க. தோள்முனையைத் தடவிப் பார்த்து, அங்க இருந்து ரெண்டு மூணு விரக்கடை கீழ, முக்கோணத்தோட நடுவுல. அதுதான் இடம். கைக்குழந்தைக்கு இந்த முண்டா இன்னும் வளரலை. அதனாலதான் தசையில போடுற ஊசியை அவங்களுக்குத் தொடையில போடுறாங்க. ஊசி இறங்கும்போது விரல் வரைக்கும் கரண்ட் மாதிரி இழுத்தா, வாயை மூடிக்கிட்டு இருக்காதீங்க. "எடுங்க"ன்னு உடனே சொல்லுங்க. முக்கியமா, மாத்திரை போதும்னு டாக்டர் சொன்னா, ஊசி கேட்டு அடம் பிடிக்காதீங்க.

சித்தப்பா இந்த வருஷமும் ஆடிப்பூரத்துக்கு வந்திருந்தார். வடத்தை ரெண்டு கையாலயும்தான் பிடிச்சார். வலது மேல்கையில பெரியம்மைக்குக் குத்தின காசுத் தழும்பு நல்லாத் தெரிஞ்சது. அவரைப் படுத்தின அந்த ஊசி போன இடத்துல மட்டும் ஒரு அடையாளமும் இல்லை.

உங்க வீட்டுப் பெரியவங்க கையையும் ஒரு தடவை பாருங்க. எந்த வருஷம், எந்த ஊர்ல, யார் குத்தினாங்கன்னு கேளுங்க. குதிருக்குப் பின்னால ஒளிஞ்ச கதை ஏதாவது கட்டாயம் கிடைக்கும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.